ஆறாங்கட்டையில் ஓடியவர்கள்

பதினோரு வருடமாக ஃபேக்டரி பஸ் ஓட்டிய அமிர்தலிங்கம், வழியில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. கோப்பிக் கடையில் யாராவது விபத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இதைச் சொல்லாமல் எழுந்து வரமாட்டான். லாபுவுக்கு உள்ளே தள்ளி இருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்திலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குப் பஸ்ஸை எடுப்பான். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு, இன்னும் இரண்டு தோட்டங்களில் நின்று, ஏழு மணி ஷிப்டுக்குச் செனவாங்கில் இருந்த ஃபேக்டரி வாசலில் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் வாசல் காவல்காரன், ஜாகா, நோட்டில் எழுதிவிடுவான்.

ஆறு மணிக்கு வெளிச்சம் என்று ஒன்றும் இருக்காது. நாட்டின் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து ஏழு மணிக்குத்தான் மரங்களுக்குத் தலை தெரியும். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் மூன்று மைல் தார் ரோட்டில் விளக்குக் கம்பம் கிடையாது. எதிரும் புதிருமாக இரண்டு லோரிகள் வந்தால் ஒன்று புல்லில் இறங்கித்தான் மற்றதற்கு வழிவிட வேண்டும். அந்த ரோட்டில் பஸ்ஸின் விளக்கு எட்டுகிற தூரம்தான் உலகம். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பழக்கத்தில்தான் ஓட்டினான்.

அந்த வருடம் அந்த விளக்கு வெளிச்சத்துக்குள் மனிதர்கள் ஓடிவரத் தொடங்கினார்கள்.

இதற்குக் காரணம் புதிதாக வந்த டிரஸ்ஸர் சந்திரன். பகாவ் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு. தோட்டத்துக் கிளினிக்கில் வந்து உட்கார்ந்த முதல் மாதத்திலேயே நாற்பது வயது தாண்டிய எல்லோரையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார். பத்தொன்பது பேருக்கு இனிப்பு நீர். மாத்திரை மட்டும் போதாது, உடம்பு வேர்க்க வேண்டும் என்று சொல்லி, விடியுமுன் தாமே முன்னால் நின்று அவர்களை ஓடவைத்தார். பத்தொன்பது பேரில் ஆறு பேர் நிலைத்தார்கள். லயத்திலிருந்து ஆறாங்கட்டை வரைக்கும் மெல்ல ஓடிப் போய், அங்கே மைல்கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி அமிர்தலிங்கத்தின் அக்கா தாயம்மா. ஐம்பத்து மூன்று வயது, புருஷன் இல்லை. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். அம்மா செத்தபோது அமிர்தலிங்கத்துக்கு இரண்டு வயது; அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனவள் அவள்தான். இப்போது போர்ட்டிக்சனில் கட்டிக்கொடுத்த மகள் அனுப்பிய பழைய விளையாட்டுக் கால்சட்டை, அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை, காலில் சிரம்பான் பசாரில் வாங்கிய வெள்ளைச் சப்பாத்து. லயத்துப் பெண்கள் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தாயம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு ஓடினாள்.

ஓடுவதில் அமிர்தலிங்கத்துக்கு வருத்தம் இல்லை. எங்கே ஓடுகிறார்கள் என்பதுதான் அவனை வதைத்தது. தார் ரோட்டின் ஓரத்தில், கால்வாயின் மேல், தாரைவிட இரண்டு விரல் உயரத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கென்று போட்ட சிமெண்டுப் பாதை ஒன்று இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து போகலாம். லயத்திலிருந்து பள்ளிக்கூடம் தாண்டி ஆறாங்கட்டை வரை அது போகிறது. திரும்பி வரும்போது இவர்கள் அந்தப் பாதையை ஒட்டியே, ஆனால் பாதையில் ஏறாமல், தாரில் பஸ்ஸுக்கு நேர் எதிராக ஓடி வருவார்கள். அவன் ஹாரனை அமுக்குவான். அவர்கள் வரிசையாக ஒதுங்குவார்கள். ஆனாலும் பாதையில் கால் வைக்கமாட்டார்கள்.

"ஏன்க்கா, உனக்கு அங்க சிமெண்டு போட்டு வச்சிருக்கு, கண்ணு தெரியலையா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டான். தாயம்மா அவன் வீட்டில் பசியாற வந்திருந்தாள். அமிர்தலிங்கத்தின் மனைவி முத்தாயி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"டிரஸ்ஸரு ரோட்டுலதான் ஓடணும்னு சொல்றாரு லா. வர்ற காடிய பாத்தமாதிரி ஓடணுமாம்."

"டிரஸ்ஸருக்கு ஊசி போடத் தெரியும். ரோட்டப் பத்தி அவருக்கு என்னா தெரியும்? ஒரு நாளைக்கு எவன் மேலயாவது ஏத்திட்டேன்னா நாந்தான லோக்காப்புல உக்காரணும்."

"நீ ஏத்தமாட்டடா. பதினோரு வருஷமா ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல."

முத்தாயி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. டிரஸ்ஸர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செப்டம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை, தூறலும் பனியும் கலந்து கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. ஆறாங்கட்டை வளைவில் பஸ் திரும்பவும், எதிரே செம்பனைக் குலை ஏற்ற வரும் பழ லோரி ஒன்று முழு விளக்கையும் போட்டுக்கொண்டு ரோட்டின் நடுவிலேயே வந்தது. அமிர்தலிங்கம் இடது பக்கம் ஒடித்தான். ஒடித்த இடத்தில் சந்திரனும் அந்த ஆறு பேரும் வரிசையாக ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கால் தானாகவே பிரேக்கில் ஏறிவிட்டது. பஸ் வழுக்கி, குலுங்கி, ஒருவழியாக நின்றது. லோரி உரசாத குறையாகக் கடந்து போனது. ஓடி வந்தவர்கள் அப்படியே உறைந்து நின்றார்கள். முன்னால் நின்ற சந்திரனுக்கும் பஸ்ஸின் முகத்துக்கும் நடுவே இரண்டு கை தூரம் இருந்திருக்கும்.

உள்ளே பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கிடந்தார்கள். எப்போதும் முதல் சீட்டில் உட்கார்ந்து வருகிற பஞ்சாலை என்பவளுக்கு முன்கம்பியில் மோதித் தாடை கிழிந்துவிட்டது. பத்தொன்பது வயதுப் பெண், வரும் மாதம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கைக்குட்டையைத் தாடையில் அழுத்திக்கொண்டு, "ஒண்ணும் இல்லண்ணே, நீங்க போங்க, மணியாச்சு" என்றாள். கைக்குட்டை முழுக்கச் சிவந்திருந்தது.

அமிர்தலிங்கம் இறங்கிப் போய் டிரஸ்ஸர் முன்னால் நின்றான். தூறலில் நனைந்துகொண்டு, பஸ் வெளிச்சத்தில், ஆறு பேரையும் ஒரு தடவை பார்த்தான். கடைசியில் தாயம்மா நின்றாள். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தவன், அவளைப் பார்த்ததும் திரும்பிப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே தோட்டத்து ஆபீசுக்குப் போனான். அங்கே தலைமைக் குமாஸ்தாவாக இருந்த பெரிய கிராணி ராமகிருஷ்ணன் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். நடந்ததைச் சொல்லிவிட்டு, "தோட்டத்து ரோடு இது. ஆபீசுதான் சொல்லணும். ஒரு போர்டு வச்சிருங்க. ஓடுறவங்க பாதையில மட்டும் ஓடணும்னு. மீறினா கூப்பிட்டுக் கேளுங்க" என்றான். முப்பது பெண்களின் உயிர் என்று அவன் சொன்னதில் பொய் இல்லை. கிராணி எழுதிக் கொடுத்தார், மேனேஜர் கையெழுத்துப் போட்டார். நான்காம் நாள் லயத்து முனையிலும் ஆறாங்கட்டையிலும் மஞ்சள் பலகைகள் நின்றன. தமிழிலும் மலாயிலும் கறுப்பு எழுத்து. அமிர்தலிங்கம் பஸ்ஸை நிறுத்தி ஒரு தடவை முழுதாகப் படித்துவிட்டுத்தான் போனான்.

டிரஸ்ஸர் ஆபீசுக்குப் போய் ஏதோ வாதாடியதாகக் கேள்வி. மேனேஜர் அதற்குள் ஒரு மாத லீவில் போய்விட்டிருந்தார். அவர் திரும்பி வரட்டும், அதுவரை யாரும் ஓட வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் நடந்தால் போதும் என்று சந்திரன் தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். மறுவாரம் ரோடு காலியாக இருந்தது. அமிர்தலிங்கம் மூன்றாவது கியரைப் போட்டு நிம்மதியாக ஓட்டினான்.

காலி என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் தாண்டிப் போகும்போது பாதையின் மேல் வெள்ளையாக இரண்டு புள்ளிகள் ஏறி இறங்கி வருவது தெரிந்தது. தாயம்மாவின் சப்பாத்து. அவள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள். சொன்னபடி சிமெண்டின் மேல். பஸ் கடக்கும்போது கையைத் தூக்கிக் காட்டினாள். அவனும் விளக்கை ஒரு தடவை அணைத்துப் போட்டான். அக்கா சொல் கேட்டுவிட்டாள் என்று மனசுக்குள் ஒரு திருப்தி.

மூன்று வாரம் இப்படிப் போனது.

அக்டோபர் நடுவில் ஒரு நாள், இரண்டு மணி ஷிப்டு ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் அமிர்தலிங்கம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முத்தாயி ஓடி வந்தாள்.

"சோத்த அப்புறம் தின்னலாம். வாங்க. அக்கா காலப் பாருங்க."

தாயம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று கேண்டீனுக்குப் போகவில்லையாம். முத்தாயி கஞ்சி கொண்டுபோனபோது வீட்டுக்குள் ஒரு வாடை அடித்திருக்கிறது. காலுறையைக் கழற்றச் சொன்னால் காலுறை வரவில்லை, தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் விட்டு ஊறவைத்துக் கழற்றியிருக்கிறாள். இடது காலின் கடைசி இரண்டு விரல்களும் கருநீலமாக வீங்கி, அடிப்பாதத்தில் ஒரு ஓட்டையிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது.

"வலிக்கலையா உனக்கு?" என்றான்.

"வலிச்சா பாத்திருக்கமாட்டனா? கொஞ்சம் பாரமா இருந்துச்சு, அவ்ளோதான்."

சந்திரன் வந்தார். குனிந்து, இடுக்கியால் அந்த ஓட்டையிலிருந்து எதையோ பற்றி இழுத்தார். ஒரு அங்குல நீளத்தில் கறுத்த செம்பனை மட்டை முள். நுனி உடைந்திருந்தது. அதை ஒரு பஞ்சின் மேல் வைத்துவிட்டு, கட்டிலடியில் கிடந்த வெள்ளைச் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார். மெல்லிய ரப்பர் அடியில் இன்னும் இரண்டு முட்கள் குத்தி முறிந்து நின்றன.

"உடனே சிரம்பான் கொண்டு போகணும்" என்றார். "தோட்டத்து வேன் பகாவ் போயிருக்கு. வர சாயங்காலம் ஆவும்."

அமிர்தலிங்கம் அக்காவைத் தூக்கினான். பஸ்ஸின் பின் நீள சீட்டில் படுக்கவைத்தான். ஃபேக்டரி பஸ்ஸில் வேறு ஆளை ஏற்றக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். ஷிப்டுக்குக் காத்திருந்த பெண்களிடம், "இன்னிக்கு லேட்டாவும். ஆஸ்பத்திரி போயிட்டுத்தான் ஃபேக்டரி" என்றான். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. அந்த வாரம் பஞ்சாலைக்கு மதிய ஷிப்டு. தாடையில் நான்கு தையல் போட்ட தழும்போடு அவள் பின்னால் போய், தாயம்மாவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சந்திரனும் ஏறிக்கொண்டார்.

வழியில் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே அமிர்தலிங்கம் கேட்டான்: "ஏன் டிரஸ்ஸர் அவங்கள ரோட்டுல ஓடச் சொன்னீங்க?"

சந்திரன் முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரலில் கோபம் இல்லை. "இனிப்பு நீர் உள்ளவங்களுக்குப் பாதத்துல உணர்ச்சி செத்துப் போயிரும் அண்ணே. முள்ளு குத்தினாலும் தெரியாது, நெருப்ப மிதிச்சாலும் தெரியாது. பழ லோரி போவுறப்ப மட்டையும் முள்ளும் உதிருது இல்லையா, தார்ல விழுந்தத டயரு தள்ளி விட்டுரும், மழை கழுவிரும். எல்லாம் போய் அந்தப் பாதையிலதான் சேரும். பிள்ளைங்க பகல்ல போவுது, பாத்து மிதிக்கும். இருட்டுல எப்படிப் பாக்குறது? அதான் தாரு நல்லதுன்னு சொன்னேன். எதிர்ல வர்ற விளக்கு கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிக்கலாம். முள்ளு தெரியாது."

பிறகு, "அந்த மழை நாளு நான் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது. அது என் தப்பு" என்றார்.

அமிர்தலிங்கம் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தான். ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்று இரவே இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கணுக்கால் வரை போகாமல் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே வெட்டியிருப்போம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தான். சொல்ல வேண்டியதை அடுத்த நாளுக்குத் தள்ளினான். மூன்றாம் நாள் தாயம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளையை அவன் கையில் கொடுத்தபோது சொல்லிவிட்டான்.

"அக்கா, அந்த போர்டு... நாந்தான் வைக்கச் சொன்னேன்."

"தெரியுமே" என்றாள் தாயம்மா. "கிராணி பொண்டாட்டி அன்னிக்கே சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா பாதையில ஓடின? டிரஸ்ஸர்தான் சும்மா இருக்கச் சொன்னாரே?"

அவள் இன்னொரு சுளையை உரித்தாள். "சும்மாதான் இருந்தேன், ரெண்டு நாளு. முடியலடா. காலையில நாலரைக்கு முழிப்பு வந்துருது. ஓடுற அந்த அரை மணி நேரம் யாரும் என்னக் கூப்பிடமாட்டாங்க. சோறு கேக்கமாட்டாங்க, கறி கேக்கமாட்டாங்க. பதினாலு வயசுலேருந்து எனக்குன்னு ஒரு அரை மணி நேரம் இருந்ததில்ல. கெடச்சத விட மனசு வரல."

"அப்ப ரோட்டுல ஓடியிருக்க வேண்டியதான? போர்டாவது மண்ணாவது."

"எப்படி லா ஓடறது? நீ போய் ஆபீசுல சொல்லி வச்ச போர்டு. ஒன் கூடப் பொறந்தவளே மதிக்கலன்னு கோப்பிக் கடையில ஒரு வார்த்த சொல்லிட்டாங்கன்னா, நீ தலையத் தொங்கப் போட்டுகிட்டு வருவ. அத என்னால பாக்க முடியாது."

அமிர்தலிங்கம் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அடுத்த கட்டிலில் ஒரு மலாய் அம்மாவுக்கு அவள் மகள் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்த்தான். கண் நிறைந்திருந்ததை அக்கா பார்க்கக் கூடாது என்றிருந்தது. அவள் பார்த்துவிட்டாள். பார்க்காத மாதிரி, "பழம் புளிக்குதா?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அமிர்தலிங்கம் ஆறு மணிக்கு எழுந்து, மெல்லிய ரப்பர் ஜப்பான் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு, முதல் முறையாக அந்தச் சிமெண்டுப் பாதையில் ஏறினான். டார்ச் லைட்டை எடுத்துவரவில்லை. வெளிச்சம் இருந்தால் அக்கா எதில் ஓடினாள் என்று சரியாகத் தெரியாது என்று வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தான். பள்ளிக்கூடம் எட்டுவதற்குள் மூன்று தடவை குத்தியது. மூன்று தடவையும் துள்ளினான். ஒரு தடவை வாய்விட்டுக் கத்தினான். பழம் அடுக்கும் இடம் ஒன்றைத் தாண்டியதும் பாதை முழுக்க மட்டைத் தூளும் முள்ளுமாகக் கிடந்தது. ஓரிடத்தில் சிமெண்டுப் பலகை உடைந்து கீழே கால்வாய் தெரிந்தது. பதினோரு வருடம் இதன் பக்கத்திலேயே ஓட்டியிருக்கிறான்.

வெளிச்சம் வந்ததும் முட்களைப் பொறுக்க ஆரம்பித்தான். ஆறாங்கட்டை வரை போகவில்லை. அதற்குள்ளேயே ஒரு மைலோ டின் நிறைந்துவிட்டது. திங்கட்கிழமை அந்த டின்னைக் கொண்டுபோய்க் கிராணியின் மேசையில் வைத்தான்.

"என்னய்யா இது?"

"நான் கேட்டு வாங்கின பாதை. போர்ட எடுத்துருங்க."

ராமகிருஷ்ணன் டின்னுக்குள் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "நெனச்சா வைக்கிறதுக்கும் நெனச்சா எடுக்குறதுக்கும் இது என்ன கல்யாணப் பந்தலா? மேனேஜர் வரட்டும்."

மேனேஜர் வந்தார். பலகையை எடுக்க ஒத்துக்கொண்டார். பாதையைக் கூட்டுவதற்கு ஆள் போட முடியாது என்றும், ரோட்டில் ஓடி எதுவும் நடந்தால் தோட்டம் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டார். ஆக, பழைய இடத்துக்கே வந்தாயிற்று. இருட்டு, வளைவு, பழ லோரி, பஸ். அந்தப் புதன்கிழமை மறுபடியும் வரலாம். அன்று நின்ற பஸ் அடுத்த தடவை நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

அமிர்தலிங்கம் ஒரு வாரம் யோசித்தான். பிறகு கோப்பிக் கடைக்குப் போய் வீரமுத்துவைத் தேடினான். அன்று முழு விளக்கோடு நடு ரோட்டில் வந்த பழ லோரி அவனுடையது. மில்லுக்கு ஓடும் நான்கு லோரிக்காரர்களில் மூத்தவன், வாய் நீளம்.

"நீதான போர்டு வைக்கச் சொன்ன?" என்றான் வீரமுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இப்ப நீயே வந்து மெதுவா போங்கன்னு சொல்ற. ஒனக்கு என்னா லா வேணும்?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அமிர்தலிங்கத்துக்குக் காது சூடானது. உட்கார்ந்தபடியே சொன்னான்.

"நாந்தான் வைக்கச் சொன்னேன். தெரியாம சொன்னேன். எங்கக்காவுக்கு ரெண்டு வெரலு போச்சு. இப்ப தெரியும். அதான் கேக்குறேன். ஆறுலேருந்து ஆறே கால் வரைக்கும், பள்ளிக்கூடத்துலேருந்து ஆறாங்கட்டை வரைக்கும், ரெண்டாவது கியர்ல வாங்க. விளக்கத் தாழ்த்துங்க. நானும் அப்படித்தான் போவேன். வேற ஒண்ணும் கேக்கல."

வீரமுத்து கோப்பியைக் குடித்து முடித்தான். கிண்டலாக ஏதாவது வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"தாயம்மா அக்கா கேண்டீன்ல என் புள்ளைக்கு ரெண்டாம் தட்டு மீ போடும், காசு வாங்காது" என்றான். "நான் சொல்றேன் மத்தவனுங்ககிட்ட. ஆனா இருட்டுல வர்றவங்க மேல வெள்ளையா ஏதாச்சும் போட்டுகிட்டு வரச் சொல்லு. எங்களுக்கும் கண்ணு மனுசக் கண்ணுதான்."

அந்தக் கடைசிப் பேச்சு அமிர்தலிங்கத்துக்குத் தோன்றாத ஒன்று. சந்திரனிடம் போய்ச் சொன்னான். கிளினிக்கில் பழைய படுக்கை விரிப்புகள் கிடந்தன. முத்தாயி அவற்றை வெட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி, சந்திரனுக்கும் சேர்த்து ஏழு துணிகள் தைத்தாள். மழை நாளில் ஓட்டம் கிடையாது என்று சந்திரன் சட்டம் போட்டார். அவரும் மற்ற ஐந்து பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு துடைப்பத்தோடு பாதையைக் கூட்டவும் ஆரம்பித்தார்கள். ஆனாலும் அதில் ஓடவில்லை. கூட்டிய மறுநாளே முள் திரும்ப வந்துவிடும்; அது பிள்ளைகளுக்காகக் கூட்டியது.

பிப்ரவரியில் தாயம்மா மறுபடி ரோட்டுக்கு வந்தாள். ஓட முடியாது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சந்திரன் எங்கேயோ சொல்லி வைத்துத் தடித்த அடி உள்ள சப்பாத்து ஒரு ஜோடி வரவழைத்திருந்தார். இடது சப்பாத்தின் முனையில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்று காலை அமிர்தலிங்கம் பஸ்ஸை வழக்கம்போல ஆறு மணிக்கு எடுத்தான். பள்ளிக்கூடம் தாண்டியதும் இரண்டாவது கியர். தூரத்தில் வெள்ளைத் துணிகள் தெரிந்தன. ஆறு கூட்டமாக முன்னால் ஓடி வந்து கடந்துபோயின. ஏழாவது மட்டும் வெகு பின்னால், வளைவில், மெதுவாக, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது. வளைவைத் தாண்டி வீரமுத்துவின் லோரி வரும் நேரம்.

அமிர்தலிங்கம் பஸ்ஸை நிறுத்தினான். சிக்னல் விளக்குகளை மின்னவிட்டுக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல் நின்றான். லோரி வந்தது; விளக்கைத் தாழ்த்தி, பஸ் நிற்பதைப் பார்த்து, அதுவும் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே, கலங்கலான வெளிச்சத்தில், தாயம்மா தார் ரோட்டின் ஓரமாக நடந்து வந்தாள்.

"அண்ணே, மணி ஆறு பதினஞ்சு" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்.

"பேசாம இரு லா" என்றாள் பஞ்சாலை.

தாயம்மா பஸ் பக்கத்தில் வந்தபோது மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. நிற்கவில்லை. கதவை ஒரு தட்டுத் தட்டி, "எதுக்குடா நிக்கிற? போ, புள்ளைங்களுக்கு லேட்டாவுது" என்று அதட்டிவிட்டு, தன் பாட்டுக்கு நடந்து போனாள்.

அன்று நான்கு நிமிடம் பிந்தியது. ஜாகா நோட்டை எடுத்தான். என்ன காரணம் என்று மலாயில் கேட்டான். அமிர்தலிங்கம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஓராங் ஜாலான்" என்றான், ரோட்டில் ஆள் போனது என்று. ஜாகா அப்படியே எழுதிக்கொண்டான்.